புலம்பெயர் பாஸ்க் விழாக்கள்: ஊர் மரபின் தொடர்ச்சியா, அமெரிக்க மேய்ச்சல் நிலத்தில் பிறந்த வழக்கமா?

இளவேனில் எழுதியது:

பாஸ்க் மக்களின் தாயகம் ஸ்பெயின்–பிரான்சு எல்லையின் இருபுறமும் பரவியது. அமெரிக்காவின் ஐடாஹோ, நெவாடா, கலிபோர்னியா மாநிலங்களில் குடியேறி வாழும் பாஸ்க் மக்களின் விழாக்களைப் பற்றி எழுதுகிறவர்களில் பலர், தாயகத்து மரபை அம்மக்கள் நூறாண்டுக்கும் மேலாகச் சிதையாமல் காத்து வருகிறார்கள் என்ற பாராட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அவர்கள் கொண்டாடுகிற வடிவத்தில் அப்படியொரு விழா தாயகத்தில் இருந்ததே கிடையாது என்பதும், அதனாலேயே அது பேசத்தக்கது என்பதும் என் கருத்து. இதை விவாதிக்கவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

பாஸ்க் நாட்டு ஊர்த் திருவிழா ஒரு புனிதருக்கும் ஒரு நாளுக்கும் ஓர் ஊருக்கும் கட்டுப்பட்டது. லெகெய்டியோ என்னும் மீன்பிடி ஊரில், புனித பேதுருவின் நாளான ஜூன் 29 அன்று, மீனவர்கள் தோளில் சுமந்து செல்லும் பெட்டியின் மேல் ஒருவர் நின்று ஆடும் ஆட்டம் அந்த ஊருக்கே உரியது. நவாரா மாகாணத்தின் ஓட்சாகாபியா ஊராரின் ஆட்டம் செப்டம்பர் 8 அன்று முஸ்கில்டா மாதா கோயிலைச் சேர்ந்தது. பிரான்சின் ஆளுகைக்குள் இருக்கும் சுபெரோவா பகுதியின் வேடமணி ஆட்டமோ குளிர்காலத்தில் ஊர் ஊராகச் சென்று நிகழ்த்தப்படுவது. புலம்பெயர்ந்த இடத்தில் இந்தக் கட்டெல்லாம் தளர்ந்துவிடுகிறது. ஒரே நடனக் குழு, ஒரே பிற்பகலில், ஒரே மேடையில் பிஸ்காயா மாகாணத்தின் ஆட்டத்தையும் நவாராவின் ஆட்டத்தையும் அடுத்தடுத்து ஆடுகிறது.

இதற்குக் காரணம் ஆட்டுத் தொழில் என்று நினைக்கிறேன். அமெரிக்காவுக்கு வந்த பாஸ்க் இளைஞர்களில் பெரும்பாலோர் பிறவி மேய்ப்பர்கள் அல்லர். சிறு பண்ணைகளிலிருந்தும் கடலோர ஊர்களிலிருந்தும் வந்தவர்கள். மொழி தெரியாதவனுக்கும் கிடைக்கக்கூடிய வேலை என்பதால் மேய்ப்பர்களானார்கள். கோடை முழுவதும் ஒரு மனிதனும் நாயும் ஆயிரக்கணக்கான ஆடுகளுமாக மலையில் கிடக்க வேண்டும். அங்கே அவர்கள் ஆஸ்பென் மரப் பட்டைகளில் தம் பெயரையும் ஊரையும் ஆண்டையும் கீறி வைத்தவை இன்றும் நெவாடா, கலிபோர்னியா காடுகளில் காணக் கிடைக்கின்றன. ஆகவே ஊர்த் திருவிழாக்களின் பருவமான கோடையில் கொண்டாட ஆளே இல்லை. இலையுதிர்காலத்தில் குட்டிகளை விற்று முடித்துக் குளிர்காலத்தில் நகரத்துக்கு இறங்கி, பாஸ்க் குடும்பங்கள் நடத்திய தங்கும் விடுதிகளில் அடைந்தபோதுதான் பாட்டும் ஆட்டமும் சீட்டும் களைகட்டின. பாய்சி நகரில் 1920-களின் இறுதியில் தொடங்கிய ‘மேய்ப்பர் நடன இரவு’ டிசம்பர் மாதத்தில் நடந்ததற்கும் இதுவே காரணம்.

பிறகு 1959-ல் நெவாடாவின் ஸ்பார்க்ஸ் நகரில், ஒரு கேசினோ விடுதியின் ஆதரவோடு, அமெரிக்க மேற்குப் பகுதி பாஸ்க் மக்கள் அனைவருக்குமான முதல் பெருவிழா நடந்தது. அது கோடை விழா. மேய்ப்பர்கள் கடைக்காரர்களாகவும் நிலக்கிழார்களாகவும் வழக்கறிஞர்களாகவும் மாறி, மலையில் கிடக்க வேண்டிய தேவை நீங்கிய பிறகே விழாவால் கோடைக்குத் திரும்ப முடிந்தது. மேய்ப்பனைப் போற்றும் விழா, மேய்ப்பன் வர இயலாத பருவத்தில் நடக்கிறது. இதை ஊர் மரபின் நேரடித் தொடர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

கல்தச்சன் எழுதியது:

இளவேனில் அவர்களின் வரலாற்றுக் குறிப்புகளை மறுக்கவில்லை. முடிவைத்தான் ஏற்க இயலவில்லை. புதிதாக உருவான ஒன்று என்று ஒப்புக்கொண்டால், அதற்குப் பாஸ்க் என்ற அடைமொழி எதற்கு? வெள்ளைச் சட்டை, சிவப்புக் கச்சை, கறுப்புத் தொப்பி அணிந்து மேடையில் ஆடிவிட்டு, இறங்கியதும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டு வீட்டுக்குப் போகும் தலைமுறைக்கு எஞ்சியிருப்பது உடை மட்டுமே. எவுஸ்கரா என்னும் பாஸ்க் மொழியில் ‘பாஸ்க் இனத்தவர்’ என்பதற்கான சொல்லே ‘எவுஸ்கராவை உடையவர்’ என்றுதான் பொருள்படும். அந்த அளவுகோலை வைத்தவர்கள் அவர்களே, நான் அல்லன்.

பாய்சிவாசி எழுதியது:

ஐடாஹோவின் தலைநகரான பாய்சியில் நீண்ட காலமாக வசித்து வருகிறேன். அலுவலக நண்பர்களில் சிலர் பாஸ்க் குடும்பத்தினர் என்பதால் இவ்விழாக்களை உள்ளிருந்து ஓரளவு பார்க்கும் வாய்ப்பு கிடைத்தது.

முதலில் இளவேனிலுக்கு ஒரு குறிப்பு. குளிர்கால விழா போய்க் கோடை விழா வந்தது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். நகரத்தில் குடியேறிவிட்ட குடும்பங்கள் பழைய நாள்களிலேயே புனித இஞ்ஞாசியாரின் நாளான ஜூலை 31-ஐ ஒட்டிக் கோடை உலா விருந்துகளை நடத்தி வந்தன. மேய்ப்பர் நடன இரவும் இன்றுவரை தொடர்கிறது. இரண்டு விழாக்களும் இரு வேறு கூட்டத்துக்கு உரியவையாக இருந்தன என்று சொல்வதே பொருந்தும். மேய்ப்பர் கூட்டம் சுருங்கியதும் எடை கோடையின் பக்கம் சாய்ந்துவிட்டது.

இங்கே குரோவ் தெருவில் ஒரு பகுதி முழுவதும் பாஸ்க் வளாகமாக இருக்கிறது. 1864-ல் கட்டப்பட்ட ஜேக்கப்ஸ்–உபெருவாகா இல்லம் 1910 முதல் தங்கும் விடுதியாக இயங்கியது. இன்று அது 1985-ல் தோன்றிய பாஸ்க் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதே தெருவில் 1914-ல் எழுந்த அந்துய்சா விடுதிக்குள் பெலோட்டா என்னும் சுவர்ப்பந்து விளையாட்டுக்கான உள்ளரங்கமே உண்டு. மேய்ப்பர்கள் குளிர்கால வாடகையைக் கொடுத்துவிட்டு மழைக்கும் பனிக்கும் அஞ்சாமல் உள்ளேயே பந்தடிக்கலாம். அந்தச் சுவரில் இன்றும் பந்து மோதும் ஓசை கேட்கிறது.

நடனத்தைப் பற்றிக் கல்தச்சன் கொஞ்சம் எளிதாகப் பேசிவிட்டார். ஓயின்காரி என்னும் பாய்சி நடனக் குழு 1960-ல் தோன்றியது. அந்த ஆண்டு பாஸ்க் நாட்டுக்குச் சென்ற பாய்சி இளைஞர்கள், டொனோஸ்டியா (சான் செபாஸ்டியன்) நகரில் அதே பெயருடைய குழுவிடம் ஆடக் கற்று, அக்குழுவின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். தாயகத்தில் அது ஸ்பெயின் சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சிக்காலம். மொழியைப் பொது இடத்தில் வழங்கக் கெடுபிடி, இகுரின்யா என்னும் பாஸ்க் கொடிக்கோ 1977 வரை தடை. அந்தக் காலத்தில் அக்கொடியை அச்சமின்றி ஏற்ற முடிந்தது வெளிநாட்டுப் பாஸ்க் மன்றங்களில்தான். 1962-ல் சியாட்டிலிலும் 1964-ல் நியூயார்க்கிலும் நடந்த உலகக் கண்காட்சிகளில் இந்தக் குழு ஆடியது. அதை வெறும் உடை என்று ஒதுக்கிவிட முடியுமா?

பிறகு ஹையால்டி என்னும் பாய்சியின் பாஸ்க் பெருவிழா. 1987-ல் முதல் முறையும் 1990-ல் இரண்டாம் முறையும் நடந்து, அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை என்று வழக்கமானது. 2020-ல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போய், கடைசியில் 2025-ல்தான் நடந்தது. அந்த வாரத்தில் குரோவ் தெரு முழுவதும் மனிதத் தலைகள். மறைவட்டப் பேராலயத்தில் திருப்பலி, கண்காட்சித் திடலில் கல் தூக்குதல், மரம் வெட்டுதல், இரவில் தெருவிலேயே ஆட்டம். திருப்பலிக்குப் போகாதவர்கள் ஆட்டத்துக்குக் கட்டாயம் வந்துவிடுகிறார்கள்.

மறைஞாயிறு எழுதியது:

விழா என்றாலே மேடையைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். மேடையிலிருந்து தள்ளி, கூடத்தின் மூலையில் மடக்கு மேசைகளைப் போட்டுக்கொண்டு நால்வர் நால்வராக அமர்ந்திருப்பவர்களை யாரும் பொருட்படுத்துவதில்லை. மூஸ் என்னும் சீட்டாட்டம் நடப்பது அங்கேதான்.

நாற்பது சீட்டுகள் கொண்ட ஸ்பானியக் கட்டு, இருவர் இருவராக இரண்டு அணிகள், ஆளுக்கு நான்கு சீட்டுகள். பெரிய சீட்டு, சிறிய சீட்டு, இணை, மொத்தக் கூட்டு என்று ஒரே கைக்கு நான்கு சுற்றுப் பந்தயம். இந்த ஆட்டத்தின் தனிச் சிறப்பு, கூட்டாளிக்குச் சாடை காட்டுவது விதிமீறல் ஆகாது என்பதுதான். கீழுதட்டைக் கடித்தால் கையில் இரண்டு ராஜாக்கள். நாக்கு நுனியை நீட்டினால் இரண்டு ஆசுகள். கண்ணடித்தால் மொத்தக் கூட்டு முப்பத்தொன்று. கூட்டாளி பார்க்க வேண்டும், எதிரணி பார்க்கக் கூடாது. பொய்ச் சாடை காட்டுவதுதான் கூடாது. எண்பது வயதுக் கிழவர் ஒருவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, எதிராளி குனிந்து கல் எண்ணும் அரைநொடியில் நாக்கை நீட்டி இழுத்துக்கொள்வதைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியாது. புள்ளிகளைக் கூழாங்கற்களாலோ அவரை விதைகளாலோ எண்ணுகிறார்கள். எல்லாவற்றையும் ஒரே பந்தயத்தில் வைக்கும்போது சொல்ல வேண்டிய சொல் ‘ஓர்தாகோ’. அதைச் சொல்லும்போது மேசையை ஓங்கி அடிப்பதற்கு விதி எதுவும் இல்லை. ஆனால் அடிக்காதவரை நான் கண்டதில்லை.

கல்தச்சன் கவனத்துக்கு ஒன்று: ஆங்கிலம் மட்டுமே பேசும் பேரப்பிள்ளையும் இந்த மேசையில் பந்தயச் சொற்களை எவுஸ்கராவில்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மன்றமும் போட்டி நடத்தி வென்றவர்களை வட அமெரிக்க அளவிலான போட்டிக்கு அனுப்புகிறது; அங்கிருந்து உலகப் போட்டிக்குச் செல்கிறார்கள்.

பார்வையாளர்களுக்குப் பிடித்தது சிங்கா. ஒவ்வொரு கையிலும் 40 கிலோவுக்கும் மேலான எடையைத் தூக்கிக்கொண்டு, கை விடும்வரை திடலில் முன்னும் பின்னுமாக நடக்க வேண்டும், தொலைவுதான் கணக்கு. பண்ணையிலிருந்து பால் கேன்களைச் சுமந்து நடந்த வேலையிலிருந்து பிறந்தது என்பார்கள். பெண்களுக்குத் தனிப் போட்டி உண்டு. ஆரவாரம் என்னவோ அதற்குத்தான் அதிகம்.

தென்திசை எழுதியது:

இழை முழுவதும் அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சுற்றியே போகிறது. பாஸ்க் மக்கள் பெருமளவில் குடியேறியது தென் அமெரிக்காவில். அங்கே பார்த்தால் இளவேனில் சொல்லும் ஆட்டுக் கோட்பாடு பாதிதான் செல்லும். புவெனஸ் ஐரஸ் நகரின் லவுரக் பாட் மன்றம் 1877-ல் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில் ஸ்பெயின் அரசு பாஸ்க் மாகாணங்களின் பழைய உரிமைச் சட்டங்களை ஒழித்ததற்கு எதிர்ப்பாகப் பிறந்த மன்றம் அது. அங்கே விழாவுக்குத் தொடக்கம் முதலே அரசியல் முகம் இருந்தது. ஈஸ்டர் ஞாயிறன்று கொண்டாடப்படும் தாயக நாள், 1932-ல் பில்பாவோவில் தொடங்கியது. ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் பின் ஏதிலிகளாய் வெளியேறியவர்கள் அதைக் கராகஸ், புவெனஸ் ஐரஸ் போன்ற நகரங்களில் தொடர்ந்து கடைப்பிடித்தார்கள். ஐடாஹோவின் மேய்ப்பர் பிள்ளைகளுக்கு அந்த நாள் அந்த அளவுக்கு நெருக்கமானதாக இருந்ததில்லை.

அர்ஜென்டினாவில் 1955-ல் உருவான மன்றங்களின் கூட்டமைப்பு ஆண்டுதோறும் ஒரு நகரில் ‘தேசிய பாஸ்க் வாரம்’ நடத்துகிறது. நகரம் மாறிக்கொண்டே இருக்கும். உள்ளூர் மன்றம் சிறியதாக இருந்தாலும், அந்த வாரத்தில் ஊர் முழுவதும் விருந்தோம்ப வேண்டியிருப்பதால், அதை முன்னிட்டே கட்டடம் புதுப்பிக்கப்படும், நடன வகுப்பில் பிள்ளைகள் சேருவார்கள். அங்குள்ள இன்னோர் அழகு: மேடையில் நின்ற இடத்திலேயே யாப்புக் குலையாமல் பாடல் கட்டிப் பாடும் பெர்ட்சோலாரி என்ற பாஸ்க் ஆசுகவிகளுக்கும், கித்தார் மீட்டியபடி அதையே ஸ்பானிய மொழியில் செய்யும் பம்பாஸ் சமவெளியின் பயாதோர் பாடகர்களுக்கும் இடையிலான உறவு. இருவரும் ஒரே மேடையில் எதிரெதிர் நின்று பாடினால், மொழி புரியாதவருக்கும் யார் யாரை மடக்கினார் என்பது கைதட்டலிலேயே தெரிந்துவிடும்.

மணப்பாட்டான் எழுதியது:

பாஸ்க் விழா நாள்களில் ஒன்று எங்கள் கடற்கரையோடு தொடர்புடையது. அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. உலகெங்கும் உள்ள பாஸ்க் மன்றங்கள் டிசம்பர் 3-ஐ எவுஸ்கரா மொழி நாளாகக் கொண்டாடுகின்றன. 1949 முதல் நடந்து வரும் அந்த நாளுக்கு, நவாராவில் பிறந்து எவுஸ்கராவைத் தாய்மொழியாகக் கொண்ட புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருநாளைத்தான் தேர்ந்துகொண்டார்கள். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய அதே சவேரியார்தான். மணப்பாட்டில் அவர் தங்கியிருந்த குகை இன்றும் இருக்கிறது. கோட்டாற்றுப் பேராலயத் திருவிழா நிறைவுறுவதும் அதே டிசம்பர் 3 அன்றுதான். 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இம்மக்களின் மொழி மலபார், என்னுடையது பிஸ்காயா மொழி, ஆகவே ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று அவர் குறிப்பிடுகிறார். மலபார் என்று ஐரோப்பியர் அன்று குறித்தது தமிழைத்தான், பிஸ்காயா மொழி என்றது எவுஸ்கராவை. பிறகு இருமொழி அறிந்தவர்களைக் கூட்டி வைத்துச் செபங்களைத் தமிழில் பெயர்த்து மனப்பாடம் செய்தார். பாய்சியிலோ புவெனஸ் ஐரஸிலோ மொழி நாள் கொண்டாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

கல்தச்சன் எழுதியது:

மணப்பாட்டான் அண்ணன் தந்த செய்திக்கு நன்றி. என் வாதத்துக்கும் அது வலுச் சேர்க்கிறது: ஆண்டுக்கொரு நாளை மொழிக்கென ஒதுக்க வேண்டிய நிலை வந்ததே மொழி தளர்ந்ததற்குச் சான்று. மூஸ் மேசையில் பத்துச் சொற்கள் உயிரோடு இருப்பதை மொழி இருப்பதாகக் கொள்ள முடியாது.

ஆசுகவிகளைப் பற்றித் தென்திசை எழுதியதால் ஒன்று கேட்கிறேன். அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டு தேசிய மரபுக் கலைஞர் விருதைப் பெற்றவர்கள் ஜெசுஸ் அர்ரியாதா, ஜானி குருட்செட், மார்ட்டின் கொய்கோயெச்சியா, ஜெசுஸ் கொஞி ஆகிய நான்கு பெர்ட்சோலாரிகள். அவர்களுக்குப் பின் அமெரிக்க மண்ணில் வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் அந்த இடத்துக்கு வந்தார்கள்? நடனம் மொழியின்றித் தொடரும், சமையல் தொடரும், கல் தூக்குவதற்கு இலக்கணமே வேண்டாம். நின்ற இடத்தில் யாப்பில் பாடுவது மட்டும் மொழி வீட்டுக்குள் இருந்தால்தான் வரும். மரபு நிற்கிறதா என்பதை அளக்க அதுவே சரியான இடம். அங்கே அளந்தால் விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை.

இளவேனில் எழுதியது:

கல்தச்சன் கடைசியாகச் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆசுகவியைப் பொறுத்தவரை அவரோடு வாதிட என்னிடம் ஒன்றும் இல்லை. பாய்சியில் 1998 முதல் எவுஸ்கரா வழியில் ஒரு மழலையர் பள்ளி இயங்குகிறது; ஆயினும் மழலையர் பள்ளியிலிருந்து ஆசுகவிக்கு நெடுந்தொலைவு.

ஆனால் மொழியை ஒரே அளவுகோலாக்கினால் இன்னொரு நிகழ்வு பார்வைக்குத் தப்பிவிடும். பாய்சியின் பாஸ்க் மக்கள் பெரும்பாலும் பிஸ்காயா கடலோரத்தில், கெர்னிகா, லெகெய்டியோ ஊர்களைச் சுற்றிய சிறு வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்ட், சீனோ, சான் பிரான்சிஸ்கோ பகுதியினர் நவாராவிலிருந்தும் பிரான்சுப் பக்கத்திலிருந்தும் வந்தவர்கள். வயோமிங்கின் பஃபலோ ஊரில் குடியேறியவர்களுக்கோ பிரான்சுப் பக்கத்துப் பைகோரிப் பள்ளத்தாக்குதான் தாய்வீடு. இவர்களுடைய வட்டார வழக்குகள் ஒருவருக்கொருவர் எளிதில் விளங்குபவை அல்ல. பிரான்சுப் பக்கத்தார், ஸ்பெயின் பக்கத்தார் என்ற ஐயுறவும் நெடுங்காலம் இருந்தது. புவெனஸ் ஐரஸில் 1895-ல் பிரான்சுப் பக்கத்தார் தமக்கெனத் தனி மன்றமே கட்டிக்கொண்டார்கள். 1973-ல் ரீனோவில் வட அமெரிக்க பாஸ்க் அமைப்புகளின் கூட்டமைப்பு உருவானபோது, இந்த இரண்டு தரப்பும் ஒரே மேசைக்கு வந்தன. ‘ஏழு மாகாணங்களும் ஒன்றே’ என்பது தாயகத்தில் அன்றும் இன்றும் முழக்கம்தான். அங்கே இடையில் நாட்டெல்லை கிடக்கிறது. ஒரு நெவாடா கோடை விழாவில் ஏழு மாகாணத்தாரும் ஒரே பந்தியில் உண்டு, ஒரே சீட்டாட்டப் போட்டிக்குப் பெயர் கொடுக்கிறார்கள். அதைச் சாத்தியமாக்கிய பொதுமொழி ஆங்கிலம் என்பது கசப்பான உண்மை. அந்தக் கசப்பை மறைக்க நான் விரும்பவில்லை. இன்னொன்றும் உண்டு: இப்போது வகுப்புக்குப் போய் மொழி கற்கும் பேரப்பிள்ளைகள், 1968-க்குப் பின் தாயகத்தில் வடிவம் பெற்ற பொது எவுஸ்கராவைக் கற்கிறார்கள். பாட்டியின் பிஸ்காயா வழக்கு அவர்களுக்கு வேற்றூர்ப் பேச்சாகவே ஒலிக்கும்.

தாயகமும் இதை உணர்ந்தே இருக்கிறது. பாஸ்க் நாடாளுமன்றம் 1994-ல் வெளிநாட்டுப் பாஸ்க் சமூகங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றி, பதிவு செய்த மன்றங்களுக்கு நிதியுதவி தருகிறது. செப்டம்பர் 8 புலம்பெயர்ந்தோர் நாளாகவும் 2018 முதல் அறிவிக்கப்பட்டுள்ளது.

அல்லி எழுதியது:

கலிபோர்னியாவில் இருக்கிறேன். இதுவரை உணவைப் பற்றி யாரும் விரிவாக எழுதவில்லை என்பது பெருங்குறை. பேக்கர்ஸ்ஃபீல்டின் நொரியேகா விடுதிக்கு முன்பு குடும்பத்தோடு போயிருக்கிறோம். இரவு 7 மணிக்கு ஒரே பந்தி. தாமதமாக வருபவர்களுக்கு இடம் இல்லை. யாருக்கும் தனி மேசை கிடையாது, நீண்ட மேசையில் முன்பின் தெரியாதவர்களின் தோளோடு தோள் உரச உட்கார வேண்டும். சூப்புப் பாத்திரம், அவரை, சாலட், ரொட்டி, குண்டுக் குப்பியில் சிவப்பு ஒயின் எல்லாம் கை மாறிக் கை மாறி வரும். இவ்வளவுதானா என்று நினைக்கும்போது இறைச்சித் தட்டு வந்து சேரும். 1893-ல் தொடங்கிய அந்த விடுதி, 2011-ல் உணவுத்துறைக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதெல்லாம் வாங்கியும், 2020-ல் மூடப்பட்டுவிட்டது.

பாய்சிவாசி அண்ணா, அடுத்த ஆண்டு பிள்ளைகளோடு ஒரு விழாவையாவது நேரில் பார்க்க விரும்புகிறோம். எதைத் தேர்ந்தெடுக்கலாம்? பாஸ்க் அல்லாதவர்களை உள்ளே விடுவார்களா?

பாய்சிவாசி எழுதியது:

தாராளமாக விடுவார்கள், அல்லி. நுழைவுச்சீட்டும் உணவுச்சீட்டும் விற்கும் வருவாயில்தான் பல மன்றங்களின் ஆண்டுச் செலவே ஓடுகிறது.

உங்களுக்கு அருகில் என்றால் பேக்கர்ஸ்ஃபீல்டில் கெர்ன் வட்டார பாஸ்க் மன்றம் மே மாத இறுதியில், நினைவு நாள் விடுமுறையையொட்டி நடத்தும் விழா எளிது; ஆனால் அங்கே வெயில் கடுமை. ஆட்டமும் கல் தூக்குதலும் சிங்காவும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் ஜூலை 4 விடுமுறையில் நெவாடாவின் எல்கோவுக்குச் செல்லுங்கள். அங்கே 1910 முதல் இயங்கும் ஸ்டார் விடுதியில் நொரியேகாவில் உண்டது போன்ற பந்தி இன்னும் உண்டு. பெரியவர்கள் பிகோன் பஞ்ச் என்ற கசப்பு மதுவை ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாஸ்க் நாட்டில் கேட்டால் அந்தக் கலவை பலருக்குத் தெரியாது, அது முழுக்க அமெரிக்க மேற்கின் பாஸ்க் விடுதிகளில் பிறந்தது. பாய்சிக்கு வருவதானால் ஹையால்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜூலை இறுதியில் இஞ்ஞாசியார் விழா குரோவ் தெருவில் ஆண்டுதோறும் நடக்கிறது. பிள்ளைகளுக்கு அதுவே ஏற்றது. கூட்டம் அளவாக இருக்கும், சிறுவர் நடனக் குழுவை மிக அருகில் நின்று பார்க்கலாம். தங்கும் அறையை மட்டும் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். புறப்படுமுன் இங்கே ஒரு வரி எழுதினால், மூஸ் சொல்லிக் கொடுக்க ஆள் ஏற்பாடு செய்கிறேன். மறைஞாயிறும் வந்தால் நால்வர் கணக்கு சரியாகிவிடும்.